கல் சுமந்த மாமியார்

"உனக்குத் தூக்கம் வேணுமா, பழி வேணுமா?" என்று அரியலூர் டாக்டரம்மா கேட்டபோது காத்தாயி யோசிக்கவே இல்லை.

"பழிதாங்க."

டாக்டரம்மா பட்டணத்தில் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். சீட்டு எழுதாமல் பேனாவை மூடி வைத்தாள்.

"இதுக்கு மருந்து கிடையாதும்மா. வாரா வாரம் வந்து மனசுல இருக்கறதப் பேசணும். நான் கேப்பேன். அதுதான் வைத்தியம்."

"பேசுனா எம் புள்ள வந்துடுமா?"

"வராது."

"அப்பறம் என்னத்துக்குங்க?"

"சரி, போ. பழி வாங்கியும் தூக்கம் வரலேன்னா அன்னிக்கு வா. ஆரம்பிக்க அதுதான் நேரம்."

செந்துறைப் பக்கத்தில் அவர்கள் ஊர். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயத்தில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தங்க வேண்டிவரும். காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. "ஆத்தாளை மீறி வண்டி பூட்டினா குடும்பம் வெளங்காது" என்று மாமியார் செல்வம்மாள் வாசலை மறித்து நின்றுவிட்டாள். மறுநாள் குழந்தை கண்ணை மூடியது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு விஷயம் வெளிவந்தது. யுத்தகாலத்தில் கடலை விலை ஏறியிருந்ததால் செல்வம்மாள் அதே ராத்திரி பங்காளி வீட்டு வண்டியில் மூட்டைகளை ஏற்றி அரியலூருக்கு அனுப்பியிருக்கிறாள். கூடப் போன அவள் தம்பி மண்டியிலேயே படுத்து எழுந்து வந்திருக்கிறான்.

அன்றிலிருந்து காத்தாயிக்குத் தூக்கமில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. புருஷன் சின்னதுரைதான் டாக்டரிடம் கூட்டிப் போனான். மருந்து இல்லையாம் என்று கேட்டதும் செல்வம்மாள் துள்ளினாள். "நான் சொல்லல? இது பேயிடா. நல்லதம்பியைக் கூப்புடு."

பம்பை அடித்துப் பேயோட்டும் நல்லதம்பி வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் வந்தான். பேய் பிடித்தவள் தலையில் கல்லைச் சுமந்து எல்லைப் புளியமரத்துக்கு ஓட வேண்டும். அங்கே அவள் உச்சிமயிரைப் பிடுங்கி மரத்தில் ஆணியடிப்பார்கள். பேய் போகுமுன் எதைக் கேட்டாலும் வீட்டார் மறுக்கக்கூடாது. இதுதான் முறை.

பம்பை அதிர்ந்தது. "யாரு நீ?"

வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத காத்தாயி கத்தினாள். "காப்பை மீறிக் கடலை ஏத்திக்கிட்டுப் போனானே, அந்த வண்டியில ஏறி வந்தவன்டா!"

கூட்டம் செல்வம்மாள் பக்கம் திரும்பியது.

"என்ன வேணும்? கோழியா, கருவாடா?"

"கல்லை அந்தக் கெழவி தூக்கணும். மயிரும் அவ மயிருதான்."

பம்பை நின்றது. நல்லதம்பி பார்த்த பேயெல்லாம் சாராயம் கேட்கும், சுருட்டுக் கேட்கும். "வேற ஏதாச்சும் கேளு சாமி" என்று கெஞ்சினான்.

"முடியாது."

"ஊருக்கே காப்புச் சட்டம் சொன்னவதானே, தூக்கட்டும்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நல்லதம்பி சின்னக் கல்லாகப் பொறுக்கினான். "அது இல்லடா, அந்தப் பெருசு" என்றது பேய்.

செல்வம்மாள் அந்தக் கல்லைத் தலையில் சுமந்து தள்ளாடிக்கொண்டு ஓடினாள். சேலை அவிழ்ந்தது, விழுந்து முட்டி சிராய்ந்தது. உச்சிமயிரைப் பிடுங்கும்போது அவள் போட்ட அலறலைக் காத்தாயி கண்ணை மூடிக் கேட்டாள். வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டாள்.

தூக்கம் மட்டும் வரவில்லை.

மாமியாரின் முக்காடு நழுவும்போதெல்லாம் அந்த வழுக்கை இடத்தை வெறித்துப் பார்த்தாள். முதலில் தித்தித்தது. பிறகு அதுவும் சப்பென்று ஆனது. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் அவள் கை தானாக விட்டத்துக்குக் கீழே தூளி தொங்கிய இடத்தைத் துழாவியது. போதாக்குறைக்கு ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. "மருமவளுக்காகக் கல்லு சுமந்தாளே, அவளல்லவா மாமியா!" என்றார்கள். செல்வம்மாள் நிமிர்ந்து நடந்தாள்.

காத்தாயி புருஷனிடம் போனாள். "வண்டியப் பூட்டுங்க. டாக்டரம்மாகிட்டப் போவணும்."

"பேய்தான் போயிடுச்சே?"

"பேய் போயிடுச்சு. நான் இருக்கேன்ல?"

என்ன உளறுவாளோ என்று செல்வம்மாளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். டாக்டரம்மா அறையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே செல்வம்மாள் ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரியாப் போச்சுங்க. இவ பொழைக்கணுமேன்னு இந்தத் தலையில கல்லைச் சுமந்தேன். எந்த மாமியா செய்வா, சொல்லுங்க?"

"நீங்க இருங்கம்மா" என்ற டாக்டரம்மா காத்தாயியைப் பார்த்தாள். "நீ சொல்லு."

காத்தாயி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பேயே புடிக்கலீங்க. தெளிவாத்தான் இருந்தேன். கல்லும் நான் கேட்டதுதான், மயிரும் நான் கேட்டதுதான். இவங்க அலறுனப்ப குளுகுளுன்னு இருந்துச்சு. அதுவும் பத்தல. தூக்கம் வரல. அதான் பேச வந்துட்டேன்."

டாக்டரம்மா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

செல்வம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளியே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த சின்னதுரை, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்டான். அவள் வண்டியைத் தாண்டி, செந்துறை ரோட்டில் தனியாக நடந்தாள்.