பனி காயுமுன்

விடிந்து இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் தோண்டிபாவின் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் யாரும் கால் வைக்கலாம். பாஞ்ச்கணிச் சரிவில் இலைப் பனி காய அவ்வளவு நேரம் பிடிக்கும். மருந்தடிக்காத தோட்டம். ஈர இலையைத் தொட்ட கை அடுத்த செடியைத் தொட்டால் நோயும் கூடவே போய்விடும். பிறகு இலையைக் கிள்ளி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த விதியைப் போட்டவர் தோண்டிபாதான்.

இருந்தும் நான்கு பாத்திகளில் புள்ளி விழுந்திருப்பதை அவர் மருமகள் சுலபா அன்று கண்டு சொன்னாள்.

"ஹௌசா, நீதான் பனியோட இறங்கியிருக்கே," என்றார் கிழவர், வரப்பில் நின்றபடி. "நாளையிலேர்ந்து வராதே."

பழம் பறிக்கும் ஹௌசா இடுப்புக் கூடையை இறக்கவில்லை.

"என் வீட்டு ஆம்பிளையை எழுப்பி உக்கார வைக்கவே வெயில் வந்துடுது, ஆபா. இதுல இருட்டோட வந்து உங்க செடியைக் கொஞ்சுறேனாக்கும்!"

குரலில் கேலி இருந்தது. முகத்தில் இல்லை. பறிப்பு முடிய இன்னும் மூன்று மாதம். இந்த நேரத்தில் வேறு தோட்டங்களில் புது ஆள் எடுக்கமாட்டார்கள்.

சுலபா பாத்திகளுக்கு இடையே மறுபடி நடந்தாள். ஒவ்வொரு நடைவழியிலும் ஒரு பக்கத்துச் செடிகளில் மட்டுமே நோய். ஹௌசா இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பறிப்பவள்.

"ஆபா, இது ஹௌசா கை இல்ல. ஒரே பக்கமா வந்திருக்கு."

"நீ நேத்து காலேஜ்ல படிச்சதைச் சொல்றே. நான் முப்பது வருஷமாப் பாக்கறேன்."

இரண்டு பக்கத்து வித்தியாசத்தைக் காட்டலாம் என்று நல்ல இலை ஒன்றும் நோய் இலை ஒன்றும் கிள்ளிவந்தாள். முதலில் நல்லதைக் கொடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நோய் இலையாக இருந்தால் நரம்புகளுக்கு நடுவே கண்ணாடிச் சில்லுகளாக வெளிச்சம் தெரியும். இது முழுப் பச்சையாக இருந்தது.

"பாத்தியா? உடம்பெல்லாம் புள்ளி."

ஹௌசா எட்டிப் பார்த்தாள்.

"அது நல்ல இலை, ஆபா," என்றாள் சுலபா.

அவர் இலையை விரல்களால் தடவினார். இரண்டு பக்கமும் தடவினார்.

"விடியறதுக்கு முந்தி நான்தான் ஒரு கையில கம்பை ஊனிக்கிட்டு மறு கையால தடவிப் பாத்துட்டுப் போவேன்," என்றார். "அப்பத்தானே எந்தப் பாத்தி பழுத்திருக்குன்னு உங்களுக்குச் சொல்ல முடியும்."



"ஹௌசா நாளைக்கு வரட்டும். எனக்குக் கண்ணு தெரியலம்மா."