தூணடித் தராசு

காலையில் வாங்கிய கெண்டை வீட்டில் நிறுத்தாலும் சரியான எடை காட்டியது. மதியத்துக்குப் பிறகு வாங்கியதில் மட்டும் இருநூறு கிராம் வரை குறைந்தது. மீனும் ஒரே தொட்டி மீன், தராசும் ஒரே தராசு. இரண்டு நாட்களாக திரஹோமீரா இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த ஊரின் சந்தைக் கண்காணிப்பாளர்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. சதுக்கத்தில், பழைய கொள்ளைநோயின் நினைவாக எழுப்பிய தூணுக்கு அடியில் மூன்று நீல மீன்தொட்டிகள். இருபத்திரண்டு வருடமாக அது மீன்காரன் ஒதகருடைய இடம். இன்று மூன்று மணிக்குள் எடையில் ஏமாற்றிய குற்றம் உறுதியானால், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கும் ஆணையில் அவள் கையெழுத்திட வேண்டும்.

சதுக்கத்தின் ஓரத்து வளைவு நடைபாதையில், ஒரு தூணின் மறைவில் நின்று ஒதகரின் கைகளையே கவனித்தாள். தொங்கும் முள் தராசில் தகரத் தட்டு. வலையால் மீனை அள்ளி அதில் போட்டான். கட்டைவிரல் தட்டில் படவில்லை. தட்டைக் கீழே இழுக்க நூலும் இல்லை.

"மறைஞ்சு நின்னு பாக்குறீங்களா மேடம்? வாங்க, பக்கத்துல வந்து பாருங்க," என்று கத்தினான் ஒதகர். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்துல வந்தா நீ ஒழுங்கா நிறுப்பியே, அதான்," என்றாள் அவள்.

"உங்க கொழுந்தனார் போன வருஷமே இந்த இடத்தக் கேட்டாராமே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவள் முகம் சிவந்தது. கொழுந்தன் கேட்டது உண்மை. அவள் மறுத்ததும் உண்மை, ஆனால் அதை யார் நம்புவார்கள்?

"தராசக் கழட்டு. உள்ள கொண்டு வா."

"நேத்தும் கொண்டு வந்தேன், முந்தாநாளும் கொண்டு வந்தேன். ரெண்டு தடவையும் சரியாத்தானே காட்டுச்சு?"

ஊரின் பித்தளை எடைக்கற்கள் நகர மன்றத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது பழைய விதி. அதனால் சோதனை எப்போதும் அவளது அறையில், கணப்பு அடுப்புக்கு அருகில்தான். தராசை மாட்டி, படிவம் நிரப்பி, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்க்க அரைமணி ஆகும். இன்றும் இரண்டு கிலோக் கல்லுக்கு முள் இரண்டில் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா?" ஒதகரின் குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "புகார் குடுத்த அந்த ஷஃபர்ஷோவா அம்மா வீட்டுத் தராசுதான் கோளாறு."

"மூணு வீட்டுத் தராசும் ஒரே மாதிரியா கோளாறு பண்ணும்? இங்க வர்ற வழியில ஏதோ பண்ற நீ."

சொல்லும்போதே அவள் காலுக்கடியில் ஈரம் பட்டது. தராசிலிருந்து சொட்டிய நீர் பலகைத் தரையில் ஒரு சிறு குளமாகத் தேங்கியிருந்தது. மேலே தொங்கியது வெறும் ஈரத்தட்டு. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?

தராசைத் திருப்பி அனுப்பினாள். இரண்டரை மணிக்கு, இருபது மீன்களுக்குமேல் விற்றிருந்தபோது, இரண்டு கிலோக் கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சதுக்கத்துக்கு இறங்கினாள்.

"கல்லு வெளிய வரக்கூடாதே மேடம்!"

"வாயை மூடிட்டுத் தட்ட காலி பண்ணு."

வரிசை முணுமுணுத்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. கல்லை வைத்தாள். முள் இரண்டு கிலோ நூற்றைம்பதில் நின்றது. ஒதகரின் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் ஒண்ணும்..."

அவள் கையுறையைக் கழற்றித் தட்டின் அடியைத் தடவினாள். விரல் வழுக்கியது. உள்ளங்கை அகலத்துக்குப் படிந்த பனிக்கட்டி. மீனோடு வந்த நீர் விளிம்பு வழியாகக் கீழே ஓடி, அடியில் உறைந்து, மீனுக்கு மீன் ஏறிக்கொண்டே போயிருந்தது. இரவெல்லாம் தராசு வீட்டுக்குள் இருந்ததால் காலையில் அது இல்லை. அவளது அடுப்பருகே அது உருகிவிட்டது. நடுவில், வாங்குபவர்களின் நெரிசலில், காலித் தட்டின் முள்ளை யாருமே பார்க்கவில்லை.

ஆணையைக் கிழித்துவிட்டு, புதிய தாளில் எழுதி அவன் தொட்டியில் ஒட்டினாள்: தராசை அது தொங்கும் குளிரிலேயே சோதிக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை தட்டின் அடியில் வெந்நீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் முன்பு, காலித் தட்டுக்கு முள் பூஜ்யத்தில் நிற்பதை வாங்குபவர் பார்க்க வேண்டும்.