வித்தியாதரிசி வந்த திங்கட்கிழமை

குகனேஸ்வரிக்குக் கோபம் வந்தால் தரையைத் துடைப்பாள். பயம் வந்தால் சுவரையும் சேர்த்துத் துடைப்பாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு நவம்பர் முதற்கிழமை அவளுக்கு வந்தது சாதாரண பயமல்ல. ஒரு பள்ளிக்கூடத்தையே துடைக்க வைத்த பயம்.

அந்தப் பள்ளிக்கூடம் பலெர்மோ நகரில் வியா மக்வேதா என்ற வீதிக்குப் பின்னால், முன்னொரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில் நடந்தது. மூன்று வருடத்துக்கு முன் மேல்மாடிக் கூரை இடிந்து விழுந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை, ஆனால் மேலே போகும் படிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது கீழே ஆறு அறைகள், பிள்ளைகளோ பன்னிரண்டு வகுப்பு. அதனால் பாதிப் பேருக்குக் காலையிலும் மீதிப் பேருக்குப் பிற்பகல் ஒன்றரையிலிருந்து ஆறு மணி வரையும் பள்ளிக்கூடம். அவளுடைய மகள் அபிதா மூன்றாம் வகுப்பு, பிற்பகல்காரி.

பிற்பகல் பள்ளிக்கூடம் என்றால் காலையில் பிள்ளையை எங்கே விடுவது? குகனேஸ்வரிக்கு எட்டு மணிக்குச் சின்யோரா என்று அவள் கூப்பிடும் எசமானி வீட்டில் துப்புரவு வேலை. புருஷன் விக்னராஜா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிறவன், விடிய வெளிக்கிட்டால் பிள்ளை தூங்கிய பிறகுதான் வீடு. ஆகவே அபிதா ஒவ்வொரு நாள் காலையும் சின்யோராவின் குசினியில் ஒரு முக்காலியில், சத்தம் போடாமல், எதையும் தொடாமல் இருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை ஐந்து மணித்தியாலம் அப்படி இருப்பது லேசான காரியமில்லை. அதுவும் சின்யோராவுக்குப் பொறுக்கவில்லை. நத்தார் பண்டிகைக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிவரக்கூடாது, வந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

விக்னராஜா பகேரியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்றின் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தான். எல்லாம் நிரப்பி, தன் கையெழுத்தும் வைத்திருந்தான்.

"ஞாயிற்றுக்கிழமையிலை போய்க் கூட்டிக்கொண்டு வரலாம்தானே," என்றான்.

"பெத்த பிள்ளையை ஞாயிறு மட்டும் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"வேறை வழி இருந்தாச் சொல்லும், கேக்கிறன்."

தாயின் கையெழுத்துக்கான கோடு மட்டும் வெறுமையாக, அந்தப் படிவம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்தது. குகனேஸ்வரி அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். அபிதா தலையை நிமிர்த்தி வாசித்தாள். அவளுடைய தமிழில் பாதி இத்தாலியம், இஸ்பெத்தோரே என்றால் வித்தியாதரிசி, லுனெதி திங்கட்கிழமை, ஸ்கோலா பள்ளிக்கூடம்.

"அம்மா, ரோமாவிலையிருந்து இஸ்பெத்தோரே வாறாராம். லுனெதி எட்டு மணிக்கு. ஸ்கோலாவை என்ன செய்யிறதெண்டு அவர்தான் சொல்லுவாராம். அம்மாமாரும் வரலாமாம்."

"என்ன செய்யிறதெண்டா? மூடுறதோ?"

"அப்பிடி எழுதேல்லை."

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடக் காவலாளி சாரோவிடம் கேட்டாள். சாரோவுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவனுக்குக் கிடையாது. கையால் கழுத்தை அறுப்பதுபோலக் காட்டி, "சரியில்லை என்றால் மூடிவிடுவார்கள்," என்றான்.

குகனேஸ்வரிக்கு இது போதும், பள்ளிக்கூடமும் போனால் பிறகு பகேரியா விடுதிதான். யாழ்ப்பாணத்தில் அவள் படித்த கோப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் வித்தியாதரிசி வருகிறார் என்றால் முதல்நாளே பிள்ளைகள் இருக்கும் உடைந்த வாங்குகள் கொட்டிலுக்குள் போய்விடும். சுவருக்கு வெள்ளை அடிபடும். வரவு குறைவென்றால் அயல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூடக் கடன் வாங்கி இருத்துவார்கள். வித்தியாதரிசி என்பவர் குறையைக் காட்டக்கூடாத ஆள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லிக் கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கிழமை இறந்தோர் திருநாள். பலெர்மோப் பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை கிடைக்கும், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை குகனேஸ்வரி ஆள் திரட்டினாள். பக்கத்து வீட்டு நிரோசினி, மொரீசியஸ்காரி மரியேல், இன்னும் நாலு தாய்மார். ஏழு பேருக்கும் துப்புரவுதான் தொழில். நிரோசினியின் புருஷன் கோபாலசிங்கம் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவன், சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டு வந்தான். சாரோ கதவைத் திறந்துவிட்டு, தன் வேலையைப் பிறர் செய்வதை வெயிலில் கதிரை போட்டு இருந்து ரசித்தான்.

அவர்கள் வேலை செய்தார்கள் என்று சொல்வது குறைவு. பூஞ்சணம் பிடித்துக் கறுத்த சுவரெல்லாம் வெள்ளையானது. ஒழுகும் இடங்களில் வைத்திருந்த வாளிகள் மறைந்தன. தண்ணீர் வராத இரண்டு கழிப்பறைகளின் கதவைச் சாத்தி முன்னால் பூந்தொட்டி வைத்தார்கள். பதினான்கு உடைந்த வாங்குகள் களஞ்சிய அறைக்குள் போயின. உடைந்த யன்னல் கண்ணாடிக்கு மட்டை வைத்து, மேலே பிள்ளைகள் கீறிய படங்களை ஒட்டினார்கள்.

கடைசியாக அபிதாவின் வகுப்பு. அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் சுவரில் ஒரு வெடிப்பு. முகட்டிலிருந்து இறங்கி வந்து, அலுமாரியின் உயரத்தில் அகன்றிருந்தது. குகனேஸ்வரி கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை போனது.

"அக்கா, இது நல்லாயில்லை," என்றாள் நிரோசினி.

"திங்கள் ஒரு நாள் தாங்கினாக் காணும். பிறகு பாப்பம்."

பத்திரிகைத் தாளை உருட்டி அடைத்து, மேலே சாந்து பூசி, அதற்கும் வெள்ளை அடித்து, அலுமாரியைத் திரும்பத் தள்ளி வைத்தார்கள். அலுமாரிக்கு மேலே தெரிந்த மிச்சத்தைச் சுவரில் மாட்டிய இத்தாலி வரைபடம் மறைத்தது. அந்தச் சுவரோரம்தான் அபிதாவின் இடம். குகனேஸ்வரிக்கு அது தெரியும். தெரிந்தும் அடைத்தாள். அவள் கெட்ட தாய் அல்ல, ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சுவரைவிடப் பகேரியாதான் பெரிய பயமாக இருந்தது.

திங்கட்கிழமை சின்யோராவிடம் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, சேலை உடுத்து, அபிதாவையும் கூட்டிக்கொண்டு ஏழரைக்கே வந்துவிட்டாள். வாசலில் எலுமிச்சை இலைத் தோரணம். ஒரு மேசையில் நிறைகுடம், மாவிலைக்கும் அங்கே எலுமிச்சை இலைதான். வானமும் அவளுடைய பக்கம் நின்றது, ஒரு பொட்டு மழை இல்லை.

அதிபர் லா மந்தியா வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, எப்போதும் கடிதங்கள் பிதுங்கும் ஒரு தோல்பை. தோரணத்தைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே போனார். வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வேகமாகப் பேசத் தொடங்கினார். குகனேஸ்வரிக்குப் பாதி விளங்கியது, மீதியை அபிதா சொன்னாள்.

"அம்மா, திரெத்திரிச்சே, எங்கடை அதிபர், மூண்டு வருசமா லெத்தெரா எழுதினவவாம். ஸ்கோலா பழுது, வந்து பாருங்கோ எண்டு. இப்பத்தான் ஆள் வருதாம். பழுதெண்டு அவர் எழுதினாத்தான் அரசாங்கம் ஸ்கோலாவைப் பொறுப்பெடுக்குமாம். வேறை இடம் தருமாம், எல்லாருக்கும் காலமையிலை படிப்பாம். நல்லா இருக்கெண்டு எழுதினா இப்பிடியே விட்டிடுவினமாம்." அபிதா மூச்சு வாங்கினாள். "ஆர் இப்பிடிச் செய்ததெண்டு கேக்கிறா."

தன் கையாலேயே, தன் சவர்க்காரத்தாலேயே பிள்ளையைப் பகேரியாவுக்கு அனுப்பியாகிவிட்டது என்று குகனேஸ்வரிக்கு விளங்கியது. வாயைத் திறக்கமுதல் வீதி முனையில் கார் வந்து நின்றது.

வித்தியாதரிசி மெலிந்த மனிதர், மழைக்கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தார். நிறைகுடத்தை ஒருமுறை வியப்போடு பார்த்துவிட்டு உள்ளே போனார். அதிபர் கூடவே போய் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் ஒவ்வொன்றாகத் தலையாட்டி, வெள்ளைச் சுவர்களைப் பார்த்தார். இருபது நிமிடத்தில் திரும்ப வாசலுக்கு வந்துவிட்டார்.

"கடிதங்களில் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது, சின்யோரா."

"அது புதிதாக அடித்த சுண்ணாம்பு!" என்றார் அதிபர்.

"போகும் இடமெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுத முடியும்." அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

குகனேஸ்வரி அந்தப் பேனாவைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடக்கும் படிவமும் அதிலே வெறுமையான கோடும் கண்ணுக்குள் வந்தன. பொலிசுக்கு, சின்யோராவுக்கு, கந்தோர்க்காரர் எவருக்கும் முன்னால் அவள் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாள்.

"பொறுங்கள்!" என்றாள், தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில். "நான். நான் செய்தது. எல்லாம் பொய்."

அவர் விளங்காமல் நின்றார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், நிறைகுடத்துத் தண்ணீரில் துணியை நனைத்தாள், நேரே முதலாவது வகுப்புக்குள் போய்ச் சுவரை அழுத்தித் துடைத்தாள். சுண்ணாம்பு வழிந்தது. உள்ளே கன்னங்கரேலென்று பூஞ்சணம்.

பிறகு அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. எங்கே என்ன பழுது என்று அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரிந்ததுபோல அதிபருக்கே தெரியாது. ஒவ்வொன்றையும் தன் கையால் மறைத்தவள் அல்லவா! பூந்தொட்டியைத் தூக்கிக் கழிப்பறைக் கதவைத் திறந்தாள். படங்களைக் கிழித்து உடைந்த கண்ணாடியைக் காட்டினாள். களஞ்சிய அறையில் வாங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. திறந்த பேனாவை மூடாமல் வித்தியாதரிசி நடந்தபடியே எழுதினார். அபிதா பின்னால் ஓடி ஓடி மொழிபெயர்த்தாள். இடையில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அபிதாவின் வகுப்பு வாசலில் மட்டும் குகனேஸ்வரி நின்றுவிட்டாள். உள்ளே காலை வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். இதுவரை காட்டியது பழுது. இது ஆபத்து. இதைக் கண்டால் அவர் இன்றைக்கே எல்லாவற்றையும் பூட்டிவிடுவாரோ? பூட்டினால் பகேரியாதான். காட்டாமல் விட்டால், எழுதியது காணும், யாருக்கும் தெரியவராது.

அலுமாரியை ஒட்டிய மேசையில் ஒரு சின்னப் பொடியன் சுவரில் சாய்ந்து பென்சில் கடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. நேரே போய் அவனைத் தூக்கி மற்றப் பக்கம் இருத்தினாள்.

"பிடியுங்கோ," என்றாள் தமிழிலேயே. சாரோவும் வித்தியாதரிசியும் சேர்ந்து அலுமாரியை இழுத்தார்கள். அவள் இத்தாலி வரைபடத்தைக் கழற்றினாள். காயாத சாந்தை நகத்தால் தோண்டி, பத்திரிகைத் தாளை இழுத்து எடுத்தாள். வித்தியாதரிசி கையை உள்ளே விட்டார். கைக்கடிகாரம் மறையும் வரை போனது.

"இந்த இடத்தில் யார் இருப்பது?" என்று அவர் கேட்டார்.

அபிதா வகுப்பில் பதில் சொல்வதுபோலக் கையை உயர்த்தினாள். "காலையில் இந்தத் தொத்தோ. பிற்பகலில் நான்."

வித்தியாதரிசி குகனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் தாய். இதை நீங்களா அடைத்தீர்கள்?"

"ஓம்," என்றாள். இத்தாலியம் மறந்துபோய்விட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைப்பதற்கு அவளிடம் இருந்தது சுண்ணாம்புத் துணி மட்டும்தான். "பள்ளிக்கூடத்தைப் பூட்டினா என்ரை பிள்ளையை விடுதியிலை விடவேணும். அந்தப் பயத்திலை."

அபிதா அதை மொழிபெயர்த்தாள், குரல் தழுதழுக்காமல். அந்த விடுதிக் கதை அவளுக்கும் தெரிந்திருந்தது என்பது குகனேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையைத் தானே பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டார். நடைபாதையில் ஒரு குட்டிக் கதிரையில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, எழுதிய முதல் தாளைக் கிழித்துவிட்டு, ஒரு மணித்தியாலம் எழுதினார். குகனேஸ்வரி பத்து மணிக்குச் சின்யோரா வீட்டுக்குப் போகவில்லை. பதினொன்றேகாலுக்குத்தான் போனாள், அதற்கு வாங்கிக் கட்டியும் கொண்டாள்.

மூன்று வருடக் கடிதங்கள் செய்யாததை அந்த வெடிப்புச் செய்தது. சுவர் இடியும் என்று எழுதிய தாளை மேசைக்கடியில் போட யாருக்கும் துணிவு வரவில்லை. அரசாங்கம் பள்ளிக்கூடத்தைத் தன் பொறுப்பில் எடுத்து ஓர் ஆணையாளரை அனுப்பியது. அவர் இரண்டு தெரு தள்ளிப் பூட்டிக் கிடந்த ஓர் அரசாங்கக் கட்டடத்தைத் திறப்பித்தார். பன்னிரண்டு வகுப்புக்கும் பன்னிரண்டு அறை. பழைய கட்டடத்தில் சாரம் கட்டி வேலை தொடங்கியது. டிசம்பர் ஒன்பதாம் தேதியிலிருந்து எல்லாருக்கும் காலையில் படிப்பு. பகேரியாப் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அபிதா அதில், சுவருக்குள் கை விட்டபடி நிற்கும் ஒரு மெலிந்த மனிதரைக் கீறினாள். விக்னராஜா அதைக் கதவில் ஒட்டினான்.

முதல்நாள் காலை எட்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் குகனேஸ்வரி மகளைப் புதுக் கட்டட வாசலில் விட்டாள். அதிபர் லா மந்தியா அவளைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்யோரா, வியாழக்கிழமை ஆணையாளர் பார்க்க வருகிறார். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒன்றையும் துடைக்காதீர்கள்."

"வாசல் மட்டும்?" என்றாள் குகனேஸ்வரி.

அதிபர் யோசித்தார். "வாசல் மட்டும்."

அவள் வியா மக்வேதாவைக் கடந்து வேலைக்கு நடந்தாள். வலது கையில் பிடிக்க ஒருவரும் இல்லாமல் கை சும்மா ஆடியது. சின்யோரா கதவைத் திறந்தாள். பழக்கத்தில் அவள் கண் நேரே கீழே, ஒரு எட்டு வயதுப் பிள்ளை நிற்கும் உயரத்துக்குப் போனது. அங்கே ஒருவரும் இல்லை.

"பிள்ளை எங்கே?"

"பள்ளிக்கூடத்தில்," என்றாள் குகனேஸ்வரி. சொன்னது நன்றாக இருந்தது. அதனால் இன்னொரு தரம் சொன்னாள்.