பச்சையாய்ப் பிய்த்தது

தியான மையத்துக் குளத்தின் வடிகட்டியைத் திறக்கும்போதெல்லாம் தோட்டக்காரி மூச்சை அடக்கிக்கொள்வாள். கறுத்துக் கூழாகிப்போன இலைகள், அழுகிய முட்டை நாற்றம், நடுவே நெளியும் சிவப்புப் புழுக்கள். கையுறை போட்டாலும் நகக்கண்ணில் ஏறிவிடும் வழுவழுப்பு மதியச் சாப்பாடு வரைக்கும் கூடவே வரும்.

எல்லாம் சனிக்கிழமை வகுப்பு பண்ணுகிற வேலை. வெள்ளை உடுத்தியவர்கள் கரையில் வட்டமாக உட்காருவார்கள். "மரத்தைப் பாருங்க. இலையை விடும்போது அது அழுறதில்ல. நாமளும் விட்டுடலாம்" என்பார் வகுப்பு நடத்துபவர். ஆளுக்கொரு இலையைப் பறித்து, மனத்தை அழுத்துவதை அதில் எழுதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீரில் விடுவார்கள். பிறகு பழச்சாறு குடிப்பார்கள். அவர்கள் விட்டதைத் திங்கட்கிழமை இவள் அள்ளுவாள்.

அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

அம்மா படுத்த படுக்கையாகி மூன்று வருடம். அவன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் வேலை, வேலை என்பான். தங்கை இங்கேதான் தோட்ட வேலை செய்கிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. புதருக்குப் பின்னால் இலை அள்ளும் வலையோடு நின்று பார்த்தாள். அவன் ஒரு தளிரைக் கிள்ளினான், எழுதினான், குலுங்கிக் குலுங்கி அழுதான், விட்டான். எல்லோரும் எழுந்து போனதும் அந்த இலையை வலையால் இழுத்தாள். ஒரே ஒரு வார்த்தை: அம்மா.

வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. புழுவைக் கையால் அள்ளும்போதுகூட இப்படிக் குமட்டியதில்லை.

பழச்சாறு மேசைக்கே போய் அவன் எதிரில் நின்றாள். அவன் முகம் வெளிறிவிட்டது.

"நீ... இங்கயா?"

"இங்கதான். இது உன்னோடது" என்று ஈர இலையை நீட்டினாள்.

"இங்க வச்சு வேண்டாம்மா. மனசுல பெரிய பாரம். இன்னைக்குத்தான் கொஞ்சம் லேசா இருக்கு."

"காம்பைப் பாரு, பால் வடியுது. மரம் ஒரு இலைய விடணும்னா அதுல இருக்கிற சத்தையெல்லாம் முதல்ல உறிஞ்சிக்கும், காம்படியில மூடிக்கும், அப்புறம்தான் விடும். வாரக்கணக்கா ஆகும். நீ பச்சையா பிய்ச்சிட்டு வந்து உதிர்ந்துடுச்சுங்கிற."

அவன் இலையை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"நாலு மணிக்கு அம்மாவுக்கு உடம்பு துடைக்கணும். வர்றதுன்னா வா."

அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தான். வீட்டில் அம்மாவின் அறை வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். மருந்து, மூத்திரம், முதுகுப் புண்ணின் சீழ் எல்லாம் சேர்ந்த வாடை அது. நினைவு தப்பிப்போன அம்மா அவனை உற்றுப் பார்த்து, "குழாய் ரிப்பேருக்கு வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அன்று பார்த்துப் படுக்கை முழுக்க நாறிக் கிடந்தது. தோட்டக்காரி அம்மாவின் உடையைக் களைந்து, வாளியையும் துணியையும் அவன் கையில் திணித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் இரண்டு தடவை துடைத்தான். மூன்றாவது தடவை கழிவறைக்கு ஓடி வாந்தியெடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி குனிந்தான். அம்மா கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் தோட்டக்காரிக்கு உறைத்தது. தன் உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக இந்தக் காட்சியைத்தான் மனத்துக்குள் ஓட்டி ஓட்டிச் சுகம் கண்டிருக்கிறாள். அவன் குமட்ட வேண்டும், தான் நின்று பார்க்க வேண்டும். அதற்காக அம்மாவை முன்பின் தெரியாத ஓர் ஆள் முன்னால் கிடத்துவதுபோலத் துணியில்லாமல் கிடத்தியிருக்கிறாள். தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவன்மேல் வந்ததைவிடக் கூடுதலாகவே வந்தது.

ஒரு போர்வையை எடுத்து அம்மாவின் இடுப்பில் போட்டாள்.

"நீ தோளைப் பிடிச்சுத் திருப்பு, அண்ணா. மெதுவா. புண்ணுல கை படாம பாத்துக்கோ. மத்தத நான் பண்றேன்."

திருப்பினான். அம்மா வலியில் முனகி, அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். பத்து நிமிடத்துக்கு விடவில்லை.

வேலை முடிந்ததும் அவன் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினான். அவளும் பக்கத்தில் நின்று கழுவினாள். நாற்றம் இரண்டு பேர் கையிலும்தான் இருந்தது.

"நாளைக்கு வரட்டுமா?" என்று குழாயைப் பார்த்தே கேட்டான்.

"காலையில ஏழு மணிக்குள்ள வா. அதுக்கப்புறம் அம்மாவுக்குப் பசி தாங்காது" என்றாள்.