கஸ்முரியின் முதுகில் சிவப்புக் கோடுகள்

சாலாதிகா ஊர்ச் சந்தையை ஒட்டி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கஸ்முரிக்கு, ஐம்பது தாண்டிய வயதில் ஓடவேண்டும் என்று தோன்றியதற்கு அவர் மனைவியின் சிரிப்புதான் காரணம்.

மச்சினன் மகள் கல்யாணத்தில் குடும்பத்தோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் பிடிக்க வந்தவன் கேமராவை இறக்கிவிட்டு, "அந்தப் பச்சை பாத்திக் சட்டை போட்ட பாக், பெரியவரே, கொஞ்சம் வயித்த உள்ள இழுத்துக்கங்க" என்றான்.

"இழுத்துக்கிட்டுதான்டா நிக்கிறேன்" என்றார் கஸ்முரி.

அவர் மனைவி சுகியெம் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. படம் அச்சாகி வந்தபோது மற்ற எல்லோரும் விறைப்பாக நிற்க, அவள் மட்டும் கண்ணை மூடி, வாயைத் திறந்து, தங்கை தோளில் சாய்ந்து கிடந்தாள். அந்தப் படத்தை அவளே சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதையையும் சொன்னாள். ஒருவாரம் பொறுத்துப் பார்த்த கஸ்முரி, ஒருநாள் ராச்சோறு சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தள்ளிவிட்டு அறிவித்தார்.

"நாளையிலேருந்து ஓடப்போறேன்."

"யாருகிட்டேருந்து?" என்றாள் சுகியெம்.

கஸ்முரி கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதில் ஒரு இளைஞன், சட்டையில்லாமல், தொடை கனத்துக்குக் கையை வைத்துக்கொண்டு உபதேசம் செய்தான். காப்பி விஷம். சர்க்கரை விஷம். காலைச் சாப்பாடு சோம்பேறிகள் கண்டுபிடித்தது. வியர்வை என்பது கொழுப்பு விடுகிற கண்ணீர், அதை எவ்வளவு அழவைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கஸ்முரிக்கு இது வேதவாக்காகப் பட்டது. கண் விழித்ததிலிருந்து கடை மூடும்வரை, அடியில் மண்டி தங்கிய கறுப்புக் காப்பியைக் கிளாஸ் கிளாஸாகக் குடித்து வளர்ந்த உடம்பு அவருடையது. மறுநாளே ஒரு சொட்டு இல்லாமல் நிறுத்தினார். இனிப்புத் தேநீரும் நின்றது. காலையில் தின்கிற தெம்பே என்னும் சோயாக்கட்டி வறுவலும் சோறும் நின்றன. போதாததற்குத் தன் சொந்த மூளையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்: வியர்வையாய் வெளியே போன எடையைத் தண்ணீர் குடித்து மறுபடி உள்ளே ஏற்றுவானேன்? அதனால் தண்ணீரும் பாதியாயிற்று.

கொழுப்பை நன்றாக அழவைக்க, மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேட்டுத்தெருவில் ஓடினார். மெர்பாபு மலை பளிச்சென்று தெரிகிற, மேகமே இல்லாத காலை அது. அவர் சரசரவென்று கடந்துபோனதும் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் காயப்போட்ட துணிகளை அவசரமாக எடுத்து உள்ளே போட்டாள்.

"எப்படி இருக்கு மாஸ்?" என்று சுகியெம் கேட்டாள், அவர் திரும்பி வந்து சுவரைப் பிடித்து நின்றபோது. மாஸ் என்றால் அண்ணன்; புருஷனையும் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இருபது வயசுப் பய மாதிரி இருக்கு யெம். பறக்கலாம் போல இருக்கு."

இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் அவர் கழுத்தைச் சுற்றியது. ஏனென்றால் அன்று பிற்பகலே தலைவலி வந்துவிட்டது. முதலில் நெற்றிப்பொட்டில் விண் விண்ணென்று தெறித்தது. மறுநாள் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த நாள் மண்டை முழுவதையும் குத்தகைக்கு எடுத்துவிட்டது. உடம்போ ஊறப்போட்ட துணி மாதிரி கனத்தது. கடை ஷட்டரைத் தூக்கியதுமே ஒரு நாள் வேலையை முடித்தவர்போல மூச்சு வாங்கினார். ஆனால் வீட்டில் யாரிடம் சொல்வது? சொன்னால் அந்தக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கதையும் மாட்டப்படும்.

தலைவலி என்றால் கண்தான் என்று கஸ்முரியின் தொழில்புத்தி சொன்னது. கடையைத் திறந்ததும் தன் கண்ணைத் தானே சோதித்து, பவரைக் கூட்டி ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டார். வலி கூடியது. குறைத்துப் போட்டார். அப்போதும் கூடியது. மூன்றாவதாக ஒன்றை மாட்டியபோது தரை மேலே எழும்பி வந்தது. இல்லாத படியைத் தாண்டுவதற்காகக் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கடைக்குள் நடந்தார்.

அந்த நிலையில்தான் சந்தையில் மிளகாய் விற்கிற சாரிந்தென் கண் பார்க்க வந்தாள். அவளை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, "மேலேருந்து படிங்க" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் முழங்கையை ஊன்றினார் கஸ்முரி. அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பெரிய எழுத்து முடிந்தது, நடு எழுத்து முடிந்தது, பொடி எழுத்தையும் முக்கி முனகிப் படித்து முடித்தாள்.

"கீழ அச்சடிச்ச கம்பெனி பேரு இருக்கு. அதையும் படிக்கணுமா பாக்?"

மேஜையிலிருந்து குறட்டை வந்தது. சாரிந்தென் எழுந்து வாசலுக்கு வந்து, பக்கத்து முடிதிருத்தும் கடையைப் பார்த்துக் கூவினாள். "ஜுமிங்கான்! ஒன் சிநேகிதரு செத்துட்டாரு போல. ஆனா கொறட்டை விடறாரு. என்னன்னு வந்து பாரு!"

ஜுமிங்கான் தோளில் துண்டோடு ஓடிவந்தான். கஸ்முரியை உலுக்கி எழுப்பி, கண் இமையை இழுத்துப் பார்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். கஸ்முரி ஒரு ஏப்பம் விட்டார்.

"அதானே பார்த்தேன்! காத்து புகுந்துருக்கு மாஸ் கஸ். விடியக்காலைல வாயத் தொறந்துக்கிட்டு ஓடினா காத்து சும்மா விடுமா? சட்டையைக் கழட்டுங்க."

"வேணாம்பா. வீட்ல தெரிஞ்சா..."

"முதுகு உங்களுக்குப் பின்னால இருக்கு. யாருக்குத் தெரியப்போவுது?"

தைலத்தைத் தடவி, புகுந்த காற்றை வெளியேற்றுகிற அந்த ஊர்க் கைவைத்தியப்படி, பழைய தடித்த நாணயம் ஒன்றால் ஜுமிங்கான் சுரண்ட ஆரம்பித்தான். தண்டுவடத்தின் இருபுறமும் சாய்வாய்ச் சாய்வாய், கழுத்துவரை இழுத்தான். "எப்படிச் செவக்குது பாருங்க! புயலே உள்ள இருந்துருக்கு!" என்று அவன் குதூகலிக்க, சாரிந்தெனும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். கஸ்முரிக்கு அந்த எரிச்சலில் தலைவலி கொஞ்சநேரம் மறந்தது உண்மை. சாயந்திரம் அது திரும்பி வந்ததும் உண்மை.

வீட்டில் அவர் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புழுக்கமான நாள். சுகியெம் விசிறிக்கொண்டே அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுக்கிற சாக்கில் பின்னால் வந்து, காலரைச் சுண்டுவிரலால் கீழே இழுத்தாள். விசிறி நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த முதுகைச் சுரண்டியவள் அவள் ஒருத்திதான். காய்ச்சலோ சளியோ, நாணயமும் தைலமும் எடுத்துக்கொண்டு அவள்தான் வருவாள். அது அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு இடையிலான சமாசாரம்.

"இது என்ன மாஸ்?"

"எது?"

"முதுகுல செவப்பா கோடு."

"ஓ, அதுவா. நாற்காலி. கடை நாற்காலில ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு."

"ஆணி ரெண்டு பக்கமும் வரிசை வச்சு, அளவெடுத்துக் கீறுமா?"

கஸ்முரி கணக்குப் போட்டார். ஜுமிங்கான் பெயரைச் சொல்லலாம். சொன்னால் ஏன் சுரண்டினான் என்று வரும். அது தலைவலியில் போய் நிற்கும். தலைவலி, பறக்கிற இருபது வயசுப் பயலில் போய் நிற்கும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுகியெம் மெதுவாக, வேறு குரலில் கேட்டாள்.

"யாரு அவ?"

கஸ்முரிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும், கூடத்து அலமாரிக் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இந்த முதுகுக்கு, இந்த வயதில், ஒரு 'அவள்' இருக்க முடியும் என்று தன் மனைவியே நம்புகிறாள்! அப்படியானால் ஓட்டம் வேலை செய்கிறது. சட்டென்று அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம் ஊறியது. மறுக்க மனம் வரவில்லை.

"சும்மா எதையாவது நெனைச்சுக்காத யெம்" என்றார், நன்றாக நினைத்துக்கொள் என்கிற தொனியில்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது சுகியெம் கூடவே வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குப் போடுகிற கெபாயாச் சட்டை, உதட்டுச்சாயம், கையில் பின்னல் வேலை. எழுத்துப் பலகைக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வந்த பெண்களையெல்லாம் தலையிலிருந்து செருப்புவரை அளந்தாள். கஸ்முரிக்கோ மண்டை பிளக்கிறது. ஆனாலும் விளையாட்டை விட முடியவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கண்ணாடிச் சட்டம் மாற்ற வந்தபோது, "உங்க முகத்துக்கு எதை வச்சாலும் அழகாத்தான் இருக்கும் இபு" என்று, அம்மா என்பதற்கு மரியாதையாக இபு போட்டு, தேன் தடவிப் பேசினார். டீச்சர் போனபின், முக்காலியிலிருந்து பின்னல் நூலை அறுக்கிற சத்தம் படக்கென்று கேட்டது.

மதியம் ஜுமிங்கான் வந்தான். வலது கையில் நாணயம், இடது கையில் தைலக்குப்பி. மூலையில் இருந்தவளை அவன் கவனிக்கவில்லை.

"மாஸ் கஸ், மூஞ்சி வெளிறிக் கெடக்கே! காத்து திரும்ப வந்துருச்சுல்ல? கழட்டுங்க சட்டையை. நேத்து கழுத்தோட நிறுத்திட்டேன், இன்னிக்கு இடுப்புவரைக்கும் இழுத்துருவோம்."

சுகியெம் எழுந்து வந்தாள். ஜுமிங்கானைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தாள், அவன் மீசையைப் பார்த்தாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அழகாத்தான் இருக்கா" என்றாள்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே அடுக்கியிருந்த கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. ஜுமிங்கான் ஒன்றும் புரியாமல் தானும் சேர்ந்து சிரித்தான். கஸ்முரிக்கு மட்டும் ஏதோ கையில் கிடைத்தது நழுவிப்போன மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு நின்றது. "எவ்வளவு நாளா வலிக்குது?"

"ஓட ஆரம்பிச்சதுலேருந்து" என்றார் கஸ்முரி, தரையைப் பார்த்து.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பே."

சுகியெம் உதட்டுச்சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஷட்டரை இறக்கச் சொல்லி, அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். இரத்த அழுத்தம் பார்த்தாள், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லை என்றவள் கேள்விகளை ஆரம்பித்தாள்.

"எவ்வளவு ஓடறீங்க பாக்?"

"கொஞ்சந்தான், ரெண்டு தெரு."

"மேடு முழுக்க, நாக்கு வெளியே தள்ளறவரைக்கும்" என்றாள் சுகியெம்.

"ஓடறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடுவீங்களா?"

"லேசா..."

"காத்துதான்."

"தண்ணி?"

"தேவையான அளவு."

"பூனை இதைவிட அதிகமாக் குடிக்கும். அப்புறம் டாக்டர், மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஓடறாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "மழையிலயா?"

"வெயில்ல."

அந்தப் பெண் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். "காப்பி குடிக்கிற பழக்கம் உண்டா?"

"சுத்தமா இல்ல" என்றார் கஸ்முரி பெருமையாக. இது ஒன்றாவது உண்மையாயிற்றே.

"போன வாரம் வரைக்கும் குண்டான் குண்டானாக் குடிச்சாரு" என்றாள் சுகியெம். "ஒரே நாள்ல விட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "பாக், இத்தனை வருஷம் காப்பிலயே ஊறின தலை. அதை ஒரேநாள்ல தெருவுல விட்டா கத்தாதா? தண்ணியில்லாம, சோறில்லாம, பிளாஸ்டிக்குக்குள்ள வெந்துக்கிட்டு வேற ஓடியிருக்கீங்க. உங்க உடம்பு இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. காப்பியை மெல்லமெல்லக் குறைங்க. தண்ணி குடிங்க. ஏதாவது சாப்பிட்டுட்டு, முதல்ல நடங்க. உடம்பு பழகினதும் ஓடலாம். ஓடும்போது இடி விழுந்த மாதிரி தலை வலிச்சா மட்டும் உடனே ஓடி வாங்க. இல்ல, ஓடாதீங்க, யாரையாவது கூட்டிட்டு வரச்சொல்லுங்க." பிறகு அவர் மூக்கின்மேல் இருந்ததைக் கூர்ந்து பார்த்தாள். "அது உங்க கண்ணாடிதானா?"

வெளியே வந்ததும் எதிர்க்கடையில் சுகியெம் ஒரு கிளாஸ் கறுப்புக் காப்பி வாங்கிப் பாதியை அவரிடம் கொடுத்தாள். பாதியை அவள் குடித்தாள். அதற்குமேல் கேட்டபோது தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கடையை மறுபடி திறப்பதற்குள் மண்டையை இறுக்கிக்கொண்டிருந்த கயிறு ஒவ்வொரு பிரியாய்த் தளர்வதைக் கஸ்முரி உணர்ந்தார். இரவு அவள் தன் நாணயத்தை எடுத்துவந்து முதுகைப் பார்த்துவிட்டு, "சுரண்டினானா, ஏர் ஓட்டினானா?" என்று உச்சுக்கொட்டி, புண்ணாகாமல் இருக்க வெறும் எண்ணெய் மட்டும் தடவிவிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து இருவருமாகப் பஞ்சசீல மைதானத்தைச் சுற்றி நடக்கப் போனார்கள். சுகியெம் கையை வீசி முன்னால் நடந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலோடு நாலடி பின்னால் வந்தார். மைதானத்து ஓரத்தில் செராபி ஆப்பம் சுடுகிற பெண் ஒருநாள், "பாக் நடக்கறாரு, சரி. நீங்க எதுக்கு இபு தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு?" என்று கேட்டாள்.

"காவலுக்கு" என்றாள் சுகியெம், குரலைத் தாழ்த்தாமலே. "கொஞ்சம் அசந்தா கொத்திக்கிட்டுப் போயிருவாளுங்க."

கஸ்முரியின் காது சிவந்தது. வேகமாக நாலடியைக் கடந்து பக்கத்தில் வந்தார்.

"என்ன சொன்னே யெம்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏதோ சொன்னியே. இன்னொரு தடவை சொல்லு, சரியாக் கேக்கல."

"தண்ணியக் குடிங்க மாஸ்" என்றாள் அவள், நடையை நிறுத்தாமல்.