பதினேழு கதவுகள்

நான்கு கதவுகளைப் போட்டும் பள்ளம் பாதிகூட மூடவில்லை. கொத்தனார் ஐந்தாவதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மரச்சட்டத்தில் தகரம் அடித்த புதுக் கதவுகள். கழிப்பறைக்கென்று வீட்டுக்கு ஒன்றாக வாங்கி, கீல் மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தவை. தோண்டிய மண் சந்தின் இரண்டு ஓரமும் இடுப்புயரம் கிடந்தது. பள்ளத்தின் மேல் கதவுகளை வரிசையாகப் போட்டால்தான் அவள் உடலை முனையில் நிற்கும் வண்டி வரை தூக்கிப் போக முடியும். பதினேழு வீட்டுக் கதவும் வேண்டியிருந்தது. கேட்காமலே வந்தன.

"தலைமாட்டுல நீங்க பிடிங்க காலேஜ்," என்றார் கொத்தனார். "நடுவுல மிதிங்க. ஓரத்துல வச்சா கவுந்துடும்."

சந்தில் அவனுக்குக் காலேஜ் என்று பேர். அவன் மனைவிக்கு மேஸ்திரி. தையல் மெஷின் மிதித்தவளுக்கு அந்தப் பட்டம் கொடுத்தவர் இந்தக் கொத்தனார்தான், முதலில் கேலியாக. முனைத் தெரு வரை வந்த பெரிய சாக்கடைக் குழாய் சந்துக்குள் வருமென்று பதினோரு வருடம் காத்திருந்தார்கள். நாங்களே தோண்டிக் குழாய் பதித்தால் இணைப்பு மட்டும் கொடுப்பீர்களா என்று இவள் போய்க் கேட்டாள். செருப்புத் தேய நடந்து, அதை எழுத்தில் வாங்கி வந்தாள். இன்று மாலை நாலு மணிக்கு அதிகாரி வருவதாகத் தேதி. தவறினால் அடுத்த தேதி எப்போது என்று கேட்கவே ஆறு மாதம் ஆகும்.

வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டாள். பள்ளம் தோண்டிய நாட்களில் மட்டும் எல்லோரும் குடித்த குடத்திலேயே குடித்தாள். தனியாகப் பாட்டில் வைத்துக்கொண்டால் மேஸ்திரிக்குத் தலைக்கனம் என்பார்களாம். பதினோரு நாள் காய்ச்சல். எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அதையும் கேட்கவில்லை.

தூக்கினார்கள். எடை இல்லை. வாசலைத் தாண்டி முதல் கதவில் கால் வைத்ததும் தகரம் முனகியது. அவன் காலைப் பார்த்தே நடந்தான். முதல் கதவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே இருந்த இடைவெளியில் பள்ளம் தெரிந்தது. அடியில் குழாய். குழாயைச் சுற்றி முந்தாநாள் பெய்த மழைத் தண்ணீர் அப்படியே நின்றது. கொசு முட்டை வைக்கிற அளவுக்கு அசையாமல்.

அடுத்த இடைவெளியில் தண்ணீர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முனை வரை அவன் எண்ணிக்கொண்டே போனான். அவன் வீட்டு வாசலில் மட்டும்தான் நின்றது.

சரிவு பார்ப்பது அவளுடைய முறை. கண்ணாடி மாதிரியான நீண்ட ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, சரிவின் மேல்பக்கம் அடித்த முளைக்குச்சியில் ஒருவர் ஒரு நுனியைப் பிடிக்க வேண்டும், கீழ் முளையில் இன்னொருவர். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரும். அங்கே கோடு போட்டு, கோட்டிலிருந்து அளந்து தோண்டுவார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். குமிழி ஏறி வெளியே போகும்வரை காத்திருக்க வேண்டும். கீழ் நுனியை எப்போதும் அவனிடம்தான் கொடுப்பாள். அவனுக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. திரவ மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன்.

அவன் வீட்டு வாசலில் கோடு போட்ட அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது. குமிழி இருந்தது, துவரம்பருப்பு அளவு. மேலேயிருந்து சரியா என்று கேட்டாள். சரி என்றான். இன்னொரு தடவை பாரேன் என்றாள். குரல் கம்மியிருந்தது, காய்ச்சல் அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டும்.

"சரின்னு சொன்னேன்ல."

அவள் கோடு போட்டுவிட்டாள்.

மயானத்திலிருந்து திரும்பி வரும்போது மணி ஒன்றரை. அத்தை, அவளுடைய அம்மா, தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி இறங்கியது. அதில் நூல் இல்லை.

வெளியே மண்வெட்டிச் சத்தம். இன்று யாரும் வேலை செய்வதில்லை என்று காலையில் பேசியிருந்தார்கள். இப்போது மனம் மாறிவிட்டது. கதவுகளை அவரவர் எடுத்துப் போய்விட்டார்கள். அதிகாரி வருவதற்குள் பள்ளத்தை மூடி இணைப்பை வாங்கிவிட வேண்டும், அதுதான் அவளுக்குச் செய்கிற மரியாதை என்றார் கொத்தனார். தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற சோதனை பாக்கியிருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, மண்வெட்டியை நிமிர்த்தி நின்றார்.

"மேஸ்திரி போட்ட கோடுப்பா. கண்ணை மூடிக்கிட்டு மூடலாம்."

அவன் வாசற்படியில் நின்றான். மண் மூடிவிட்டால் முடிந்தது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து மேல் எட்டு வீட்டுக் கழிவும் இந்தக் குழிவில் தேங்கி, வந்த வழியே திரும்பி, அவரவர் வீட்டுக்குள் ஏறும். அன்றைக்கு அவளைத்தான் சொல்வார்கள். தைக்கிறவளுக்கு எதுக்குய்யா இந்த வேலை என்பார்கள்.

முதல் வெட்டு மண் குழாயின் மேல் விழுந்தது.

"மூடாதீங்க," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள். துக்கத்தில் ஏதோ சொல்கிறான் என்று கொத்தனார் அருகே வந்து தோளைத் தொட்டார். அவன் பள்ளத்தைக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"மழையில மண்ணு இறங்கியிருக்கும். அப்படின்னு சொல்லிக்கலாம்."

"இல்லண்ணே. குமிழி இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். அவ இன்னொரு தடவை பாக்கச் சொன்னா."

கடைசி வீட்டு அக்கா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். இரண்டு வருடத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கில் மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவள். காலையில் முதலில் வந்தது அவள் வீட்டுக் கதவு. அவனைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டியிருக்கலாம்.

"நானும் ஒரு நாள் கீழ் நுனியப் பிடிக்கிறேன்டின்னு அவகிட்ட கேட்டேன் தம்பி," என்றாள். "வேணாம்க்கா, அவரு பார்த்தா தப்பாதுன்னுட்டா."

கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். மூன்று குழாயைத் தூக்க வேண்டும். மூட்டில் வைத்த சிமென்ட் பூச்சு இறுகிவிட்டது, உடைக்கத்தான் வேண்டும். நாலு மணிக்குள் ஆகுமா என்று கேட்டார்கள். ஆகாது, அதிகாரியை உட்கார வைத்து எதையாவது பேசிக்கொண்டிருங்கள் என்றார். மேஸ்திரி இருந்தால் அதிகாரியையே பள்ளத்தில் இறக்கியிருப்பாள் என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

உளி பட்ட சத்தம் வீட்டுக்குள் கேட்டிருக்கும். தையல் மெஷினின் சக்கரம் நின்றது.

மூன்றரைக்கு மண்ணைச் சுரண்டிச் சமன் செய்துவிட்டார்கள். ரப்பர் குழாய் வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. அவள் சுற்றி வைத்த வட்டம் கலையாமல் எடுத்து வந்தான். தண்ணீர் நிரப்பினார்கள். மேல் நுனியைக் கடைசி வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு போனாள். கீழ் நுனியை நீட்டி யாரிடம் கொடுப்பது என்று அவன் நின்றான். யாரும் கை நீட்டவில்லை.

அவன் பள்ளத்தில் இறங்கி முளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். கண்ணைத் தண்ணீரின் மட்டத்துக்குக் கொண்டுவந்தான்.

"சரியா?" மேலேயிருந்து குரல் வந்தது.

முனையில் ஒரு வண்டி வந்து நின்றது. அதிகாரியாக இருக்கலாம். மறுபடியும் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. குழாய்க்குள் ஒரு குமிழி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.