கழற்றிய குழாய்

தம்பி தோளில் குண்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். காலில் விலங்கு. ஆயுதத்தோடு பாய்ந்தான், அதனால்தான் சுட்டோம் என்று போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. சிவப்பு மைக் சேனல் அவன் கையை மட்டும் பெரிதாக்கி, 'இரும்பு ஆயுதத்துடன் வெறியாட்டம்' என்றது. பச்சை மைக் சேனல் அதே படத்தில் கையை வெட்டிவிட்டு, 'வெறுங்கையோடு வந்தவரைச் சுட்டார்கள்' என்றது.

கையில் இருந்தது பைப் ரெஞ்சு. அண்ணன் தம்பி இருவருக்கும் குழாய் வேலைதான் சோறு. மாடி வீட்டில் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசு வாங்கத் தெருவில் இறங்கியவன், போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடந்த கலாட்டாவுக்குள் மாட்டிக்கொண்டான்.

"அந்த வீட்டம்மா வாயைத் திறந்தா ஜாமீனுக்கு வழி இருக்கு" என்றார் வக்கீல்.

அந்த அம்மாவுக்குப் போலீஸ் என்றாலே உதறல். "கழட்டின இடத்தை வேணும்னா படம் எடுத்துக்கச் சொல்லுப்பா. என்னை இழுக்காத."

அண்ணன் இரண்டு சேனலையும் வரச்சொன்னான். ஒருவர் மட்டும் வந்தால் மற்றவர் பொய் என்பார். புதுக் குழாயையும் வாங்கிக்கொண்டு முன்னதாகவே அந்த மாடி வீட்டுக்குப் போய்க் காத்திருந்தான்.

"படுத்த படுக்கையா மாமனார் கிடக்கார். முந்தாநாள்லேருந்து வாளி வாளியா நான்தான் தூக்கறேன்" என்று அந்த அம்மா புலம்பினார்.

சேனல்காரர்கள் வருகிறார்களா என்று அண்ணனின் காது மாடிப்படியில் இருந்தது. கை சும்மா இருக்குமா? புதுக் குழாயின் மரையில் டேப்பைச் சுற்றி, கழற்றிய இடத்தில் திருகி, வால்வைத் திறந்துவிட்டது. சடசடவென்று தண்ணீர் கொட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அடப்பாவி, என்ன காரியம் செய்தேன்!

அதற்குள் இரண்டு மைக்கும் வாசலில்.

"தண்ணி ஜோராத்தானே வருது? ரிப்பேர் எங்க?" என்றான் சிவப்பு.

பச்சை காதோடு சொன்னான்: "டக்குனு கழட்டிடுங்கண்ணே. நடந்ததுதானே, தப்பில்ல."

சிவப்பின் கேமரா அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றினால் நாடகம் என்பான். கழற்றாவிட்டால் தம்பி உள்ளே. ரெஞ்சைக் கீழே வைத்தான்.

"இப்பதான் நான் மாட்டினேன். தம்பி கையில இருந்தது ரெஞ்சு. வேலைக்கு வந்தவன். அப்படியே போடுங்க."

"ரெஞ்சுன்னா எங்க தலைப்பே போச்சேண்ணே!" என்றான் பச்சை.

"ஆக, இரும்பு இருந்ததை ஒத்துக்கறீங்க?" என்றான் சிவப்பு.

அடுப்படியிலிருந்து வாளியோடு வந்தார் அந்த அம்மா. "என்னய்யா ஒத்துக்கறது? குழாய் மாட்ட வர்றவன் கையில பூங்கொத்தா இருக்கும்? நான்தான் அவனைக் கூப்பிட்டேன்!"

இரண்டு கேமராவும் அவர் பக்கம் திரும்பின. முகம் வெளிறி, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

சாயங்காலச் செய்தியில் சிவப்பு, 'இரும்பு இருந்தது: அண்ணன் ஒப்புதல்' என்றது. பச்சை, ரெஞ்சுப் பேச்சையெல்லாம் கத்தரித்துவிட்டு, அந்த அம்மாவின் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

போன் அடித்தது.

"பாத்தியாப்பா கூத்தை? நான் சொன்னதை எப்படித் துண்டு போட்டு வச்சிருக்கானுங்க!" அந்த அம்மாவின் குரல் இன்னும் நடுங்கியது. "மூஞ்சிதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே, இனிமே என்ன? அந்த வக்கீல் எங்க இருக்காரு? முழுசாச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வரேன்."